எல்லாக் கேள்விக்கும் ஒருபோதும் இல்லை

முதலாவது அநியாயம்: வெண்மணிக்கு எட்டு வயது. ராத்திரியெல்லாம் தண்ணீர் கேட்கிறாள், குடித்ததெல்லாம் மூத்திரமாகப் போகிறது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது: அந்த வாரமே அவள் நினைவு தப்பி, மூச்சை வாங்கி வாங்கி இழுத்துக்கொண்டு, வாயில் அழுகின பழ வாசனையோடு இந்தப் பெரியாஸ்பத்திரியில் வந்து விழுந்தாள். சர்க்கரை, ஆயுசுக்கும் ஊசி என்றார்கள். சொன்ன வாயோடு ஒருவர் என் மனைவி மாரித்தங்கத்தைப் பார்த்து, “மிட்டாய் வாங்கிக் குடுத்தே கெடுத்திட்டீங்களாம்மா?” என்று கேட்டார். உப்பளத்தில் வெயிலோடு வெயிலாக உப்பு வாரி, பாதம் வெடித்து நிற்கிறவளிடம் மிட்டாய்க் கதை. இது பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, எதைத் தின்றும் வருவதில்லை, உடம்பே இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது என்பதை நான்தான் ஒரு சிறு பிரசுரத்தில் படித்து அவளுக்குச் சொன்னேன். மூன்றாவது: பள்ளிக்கூடம். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள், சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காரவைத்தார்கள். நான்காவது: உப்பளத்து ஆபீசில் பிரிட்ஜ் உண்டு, எங்கள் வீட்டில் கிடையாது. மருந்துப் பாட்டிலை அதில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு முதலாளி மகன் கலர் பாட்டில்களைக் காட்டி இடமில்லை என்றான். அன்றிலிருந்து ஈர மணல் போட்ட மண்பானையில்தான் மருந்து இருக்கிறது. ஐந்தாவது: அவளுடைய பத்தாவது வயதில் ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் வருவது நின்றது. சப்ளை இல்லை, வெளியே வாங்கிக்கொள் என்றார்கள். அதற்கு நான் என்ன செய்தேன் என்பது ஊருக்கே தெரியும். அது அநியாயத்தில் சேராது, வெற்றியில் சேரும். ஆறாவது இதோ, எனக்கு எதிரே இருக்கிற இந்த மூடிய கதவு.

இந்த ஆறையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. மனசில் வரிசையாக இருக்கிறது. வரிசை முக்கியம். எது முந்தி எது பிந்தி என்பதில் ஒரு தடவை தடுமாறினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சந்தில் புகுந்துவிடுவான். லேபர் கோர்ட்டில் அப்படி ஒரு வழக்கு எங்கள் சங்கத்தின் கையைவிட்டுப் போயிருக்கிறது. அதனால் உட்காரும்போதெல்லாம் ஒன்றிலிருந்து ஆறுவரை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இப்போது ஆறாவதில் வந்து நிற்கிறது, அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. கதவில் ‘ஆய்வுப் பிரிவு’ என்று ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டேப்பின் ஒரு முனை பிரிந்து, மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பி எழும்பி அடங்குகிறது. உள்ளே என் மகளும் டாக்டர் நஸீராவும். வேறு யாரும் இல்லை. எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் மாரித்தங்கம், மடியில் வயர்கூடை, அதில் ஈரத்துணி சுற்றிய மருந்து, குளுக்கோஸ் பாக்கெட், வெண்மணியின் இட்லி. இந்த டாக்டரம்மா சின்ன வயசு, சுறுசுறுப்பானவள், அதை ஒத்துக்கொள்கிறேன். சர்க்கரை, வலிப்பு, இழுப்பு, சிறுநீரகம் என்று தீராத நோயோடு வளர்கிற பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். போன மாதம் வார்டு வாசலில் வைத்துச் சொன்னாள். “மனசா? மொதல்ல மருந்து இருக்கான்னு ஆராய்ச்சி பண்ணுங்க டாக்டரம்மா” என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். “அதையும் கேட்டு எழுதிக்கிறேன் சார், சொல்லுங்க” என்று பேனாவை எடுத்தாள். அப்படிச் செய்கிறவர்களிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நிர்வாகத்தில் கத்துகிற மேனேஜரைவிட டீ வாங்கிக்கொடுக்கிற மேனேஜர் ஆபத்து.

ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் முழுக்க வாசித்தேன். அதில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது: எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல ஷரத்து எந்த ஒப்பந்தத்திலும் நான் பார்த்ததில்லை. வேலைநிறுத்தம் செய்ய முன் அறிவிப்புக்கூட வேண்டாம். இந்தக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, விலகுகிறோம், வா ஏட்டி என்றால் முடிந்தது. கையை முட்டின்மேல் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முட்டியில் ஒரு தழும்பு இருக்கிறது, மறியலில் லத்தி பட்டது, மழைக்காலத்தில் குடையும். உனக்கு உடம்பில் வலி இருந்ததா: பல நேரம், சில நேரம், ஒருபோதும் இல்லை. டாக்டரம்மா கொடுத்த அந்தக் கேள்வித்தாள் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெண்மணி அதை நிரப்பும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். கடந்த இரண்டு வாரத்தில் உனக்குச் சோர்வாக இருந்ததா. அழ வேண்டும்போல் இருந்ததா. யாரும் உன்னோடு இல்லை என்று தோன்றியதா. எதிர்காலத்தை நினைத்துப் பயமாக இருந்ததா. என் மகள் பேனாவைப் பிடித்து, ஒன்றுவிடாமல், எல்லாவற்றுக்கும் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தாள். ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொடுத்திருந்தேன். “ஏட்டி, ஆபீசர் யாரும் கேள்வி கேட்டா, என்னத்துக்குக் கேக்காங்கன்னு நமக்குத் தெரியற வரைக்கும் எதையும் ஒத்துக்கப்படாது. நீ ஒத்துக்கிட்ட ஒரு வார்த்தைய வச்சுத்தான் ஒனக்கே குழி தோண்டுவான்.” உள்விசாரணைக்குப் போகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் நான் சொல்லி அனுப்புவது இதுதான். உப்புப் பாத்தியில் தூங்கினாயா என்றால் இல்லை. சரி, கண்ணை மூடினாயா என்றால் அதுவும் இல்லை. எத்தனையோ பேருக்கு வேலை மிஞ்சியிருக்கிறது.

டாக்டரம்மா பிடித்துவிட்டாள். நேற்று வரச்சொல்லி, என்னை மட்டும் உட்காரவைத்து, “சார், இதுவரைக்கும் நிறையப் பிள்ளைகளைப் பாத்துட்டேன். நோயில்லாத பிள்ளைகூட சோர்வா இருந்துச்சான்னு கேட்டா சில நேரம்னு போடும். உங்க பொண்ணு மட்டும்தான் நூத்துக்கு நூறு சந்தோஷம்” என்றாள். “வளர்ப்பு அப்படி” என்றேன். “அவ்வளவு சந்தோஷமா இருக்கிற பொண்ணு ஊசிய ஏன் சார் போடாம விடுறா?” என்றாள். நான் எழுந்துவிட்டேன். இந்த வருஷம் இரண்டு தடவை அந்தப் பழ வாசனையோடு வெண்மணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறோம். இரண்டு தடவையும் நான் சொன்னது ஒன்றுதான்: மருந்து கெட்டுப்போன மருந்து. வெயிலில் லாரியில் கிடந்து வந்த மருந்து. கலெக்டருக்கு மனு கொடுத்திருக்கிறேன். சுவரொட்டிக்கு வாசகம்கூடத் தயார். அந்த நேரத்தில் வந்து ஊசியை விடுகிறாள் என்கிறாய், பழியைப் பிள்ளைமேல் போடுகிறாய், இது பழைய மிட்டாய்க் கதையின் அடுத்த பாகம். இதையெல்லாம் டாக்டரம்மாவிடமே சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “அதே பெட்டி மருந்து போடுற மத்த பிள்ளைங்க நல்லா இருக்காங்க சார். தயவுசெஞ்சு நாளைக்கு அவகிட்ட நான் தனியா பேசணும். நீங்க உள்ள இருக்கக் கூடாது. அடுத்த தடவை நீங்க தூக்கிட்டு வர்றதுக்கு நேரம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.” இந்தக் கடைசி வரியை மட்டும் மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் வந்திருக்கும்.

மருந்துப் பாட்டில். நேற்று ராத்திரியிலிருந்து பாட்டிலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலை ஊசியை மாரித்தங்கம் அளத்துக்குப் போவதற்கு முன்னால் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ராத்திரி ஊசியை வெண்மணி தானே போட்டுக்கொள்வாள், அடுப்படியில், பானைக்குப் பக்கத்தில். பெரிய பெண்ணாகிவிட்டாள், வயிற்றில் போடுகிற ஊசி, நான் பார்க்கக் கூடாது. போன மாதம் மாரித்தங்கம் பானைக்குள் பார்த்துவிட்டு, “என்ன இந்தப் பாட்டிலு இன்னும் தீராம வருது?” என்றாள். “சிக்கனமாப் போடுதா, எம் மகள்லா” என்றேன். மருந்தில் என்ன சிக்கனம். அளவு அளவுதானே. அன்றைக்கு ஏன் அது எனக்குத் தோன்றவில்லை. சங்கத்துக்கு வருகிற புதுப் பையன் ஒருவன் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அவனை உட்காரவைத்துக் குறுக்குவிசாரணை செய்திருப்பேன். இல்லை, பாட்டில் இன்னும் வருகிறது என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். பாட்டிலில் அதிகம் ஊற்றியிருக்கலாம். கம்பெனிக்காரன் எவனாவது அதிகம் ஊற்றுவானா. கூலியில் ஒரு ரூபாய் அதிகம் விழுந்ததாக என் ஆயுசில் ஒரு புகார் வந்ததில்லை. சரி, அப்படியானால். அப்படியானால் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் மண்டை திரும்பி, முதலாவது அநியாயத்துக்குப் போய்விடுகிறது. பூச்சி மாத்திரை. அங்கே நன்றாக இருக்கிறது, அங்கே யார் குற்றவாளி என்று தெரியும்.

உள்ளே ஒரு சத்தம். சிரிப்பு. வெண்மணியின் சிரிப்புத்தான், தொண்டையில் சிக்கிக்கொண்டு வருகிற மாதிரி ஆரம்பித்து, பிறகு அவிழ்ந்து விழுகிற சிரிப்பு. மாரித்தங்கம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று அவளும் யோசிக்கிறாள் போலிருக்கிறது. எதற்குச் சிரித்தாள். என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாளா. நான் மேடையில் பேசுவதைப்போலப் பேசிக்காட்டியிருப்பாளா, சின்னவயதில் செய்வாளே, துண்டை உதறித் தோளில் போட்டு, தோழர்களே என்று. இந்த நேரத்தில் பரமசிவம் வந்து நின்றான். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி. முன்னால் எங்கள் அளத்தில் வேலை பார்த்தவன், சங்கத்தில் சந்தா கட்டாமல் ஓடிப்போனவன், இப்போது தொப்பி, பெல்ட், விசில். “என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கோஷம் ஒண்ணும் காணோம்? ஒடம்புக்குச் சொகமில்லையா?” “வேல செய்தவன் ஒடம்புதானடே, நாலு பேரக் கேட்டுல மறிச்சு நிக்கற ஒடம்பு இல்ல.” “அது சரி. உள்ள யாரு?” “எம் மக.” “எந்த மக? நோட்டீஸ்ல போட்டமே, அந்தப் பிள்ளையா? சாகப்போற பிள்ள?” மாரித்தங்கம் வயர்கூடையின் பிடியை இறுக்கினாள். அவன் பார்க்கவில்லை. “அவ ஆளாயிட்டாளே அண்ணாச்சி! நானே பாக்கல. எம் பொஞ்சாதி இப்பமும் கேப்பா, அந்தப் பிள்ள இருக்கா போயிட்டாளான்னு. ஒம்ம நோட்டீஸு பொய்யாப் போச்சே!” என்று சிரித்தான். சந்தோஷமாகத்தான் சொன்னான். குத்திக்காட்டுகிறவனின் முகம் எனக்குத் தெரியும், அது அந்த முகம் இல்லை. “போடே, ஒங் கேட்டப் பாரு” என்றேன். போகவில்லை, தூணில் சாய்ந்துகொண்டான்.

என் நோட்டீஸ் பொய்யாகப் போனதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தை அச்சாபீசில் கற்றேன், ஈயத்தில் செய்த எழுத்தைத் தலைகீழாகக் கோத்துக் கோத்து. நாட்டை, கூலியை, உடம்பை, எல்லாவற்றையும் எட்டுப் பக்கப் பிரசுரங்களில்தான் படித்தேன். முதலாளி நூறு பொய் எழுதலாம், நாம் ஒன்று எழுதினால் அதோடு நம் கதை முடிந்தது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன், வெண்மணிக்கும் சொன்னேன். பசை காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். “அப்பா, இதுல உள்ளது எல்லாம் நெசமா?” “அப்பா எழுதினா நெசம்தாம் ஏட்டி.” அந்த இன்சுலின் நோட்டீஸ் நான் எழுதியவற்றிலேயே சிறந்தது. ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. மேலே அவளுடைய பள்ளிக்கூடப் போட்டோ, இரட்டைச் சடை. கீழே பெரிய எழுத்தில்: இந்தச் சிறுமி சாகப்போகிறாள். யார் பொறுப்பு? அவ்வளவுதான். ஊர் முழுக்க ஒட்டினோம். பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், பள்ளிக்கூடச் சுவர். ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு, அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தி, மைக்கில் பேரைச் சொன்னேன். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். ஒருத்தி வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வெண்மணி அழவில்லை. கையை நேராகத் தொங்கவிட்டு நின்றாள், அவ்வளவு கட்டுப்பாடு. மறுவாரம் மருந்து வந்தது. அவளுக்கு மட்டுமா, எத்தனை பிள்ளைகளுக்கு. இன்றைக்கும் இந்த ஆஸ்பத்திரியில் ஊசி வாங்குகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஒரு வரியால்தான் வாங்குகிறது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை ‘ஏ சாகப்போறவளே’ என்று கூப்பிட்டார்கள் என்று மாரித்தங்கம் ஒருநாள் சொன்னாள். விவரம் தெரியாத பிள்ளைகள், பெரியவர்களானால் புரிந்துகொள்ளும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் தாய் இடம் மாற்றச்சொல்லிக் கேட்டாள், சாகிற பிள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாமென்று. மூடநம்பிக்கை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு சொல் இருந்தது.

பொய்யாகப் போச்சே. அந்த வார்த்தை போகமாட்டேன் என்கிறது. அவன் தூணில் சாய்ந்து நிற்கிறான், அந்த வார்த்தை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நோட்டீஸ் பொய்யாகக் கூடாது. அப்பா எழுதினால் நிஜம். பாட்டில் இன்னும் வருகிறது. மூன்றையும் ஒரு வரிசையில் வைக்க வேண்டியதில்லை, ஆனால் முப்பது வருஷப் பழக்கம், கை தானாக வரிசைப்படுத்துகிறது. முதலாவது, அப்பா எழுதினால் நிஜம். இரண்டாவது, அப்பா எழுதினார். மூன்றாவது, பாட்டில். கடந்த இரண்டு வாரத்தில் உனக்குப் பயமாக இருந்ததா. சும்மா இரு. இது ஆராய்ச்சிக்காரர்களின் வேலை, ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்குகிறது. அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து என் மகளின் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கறக்கிறாள். நாளை அது ஒரு புத்தகத்தில் வரும், இன்ன மாவட்டத்தில் பதினான்கு வயதுச் சிறுமி, தகப்பன் கிளர்ச்சிக்காரன், தகப்பனால்தான். ஆஸ்பத்திரி தப்பித்துக்கொள்ளும். சப்ளை செய்யாதவன் தப்பித்துக்கொள்வான். இதுதான் திட்டம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுந்தேன். முட்டி இழுத்தது. கதவுக்கு இரண்டெட்டுத்தான். “எங்க போறிய?” என்றாள் மாரித்தங்கம். “இது போதும். வெலகிக்கிடுவோம். மருந்து விஷயத்த நான் கலெக்டர்கிட்ட பாத்துக்கிடுதேன்.” “உக்காருங்க.” “ஒனக்குத் தெரியாது, இவங்க—” “எனக்குத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது.” அவள் குரலை உயர்த்தவில்லை. “ரெண்டு மாசமா ராத்திரி அவ தூங்குன பெறவு மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சுப் பாத்துட்டுத்தான் படுக்கேன். ஒங்ககிட்ட சொன்னா அதுக்கு ஒரு கூட்டம் போடுவிய. இப்பம் அந்தக் கதவத் தட்டுனியன்னா, நான் அவளக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். எனக்குப் பிள்ள வேணும்.” பரமசிவம் தொப்பியைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் மாரித்தங்கம் எனக்குக் கொடுத்த முதல் கோரிக்கை இது. நிபந்தனை, கெடு, விளைவு, மூன்றும் அதில் இருந்தது. என் ஆட்களில் பாதிப்பேருக்கு இவ்வளவு சுருக்கமாகப் பேசத் தெரியாது. நான் நின்றேன். உட்காரவும் இல்லை, தட்டவும் இல்லை. கதவில் ஒட்டின தாள் என் முகத்துக்கு நேரே எழும்பி எழும்பி அடங்கியது. பிறகு கதவு உள்ளிருந்தே திறந்தது. டாக்டரம்மா. நான் தட்டப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கணம் என் கையைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் உள்ள வாங்க சார். அவ உங்ககிட்ட பேசணுமாம்.”

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் நாற்காலி, அதில் வெண்மணி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு இந்தப் பக்கம். எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளைப் பார்த்தவனுக்கு உட்காருகிற இடத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. டாக்டரம்மா சுவரோரமாக நின்றுகொண்டு, “அவ என்கிட்ட சொன்னத அவ சம்மதமில்லாம நான் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்தான விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சாகணும். அதை அவளே சொல்றேன்னுட்டா” என்றாள். வெண்மணி என்னைப் பார்த்தாள். “அப்பா, ராத்திரி ஊசிய நான் ஒழுங்காப் போடல.” “ஏட்டி.” “பாதி நாளு போடவே இல்ல.” “ஏன்?” “எப்படியும் சாகத்தான போறேன், அதுக்கு எதுக்குன்னு இருக்கும்.” “எவன் சொன்னான் நீ சாகப்போறன்னு?” கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. “நீங்கதான் எழுதுனிய.” “அது மருந்து கெடைக்கலேன்னா—” “மருந்து கெடைக்கலேன்னான்னு அதுல இல்லப்பா. நான் நெறைய தடவ படிச்சிருக்கேன்.” “அப்பம் மருந்து வந்துட்டே.” “வந்துச்சு. வெற்றி வெற்றின்னு நோட்டீஸ் போட்டிய. அதுல சங்கம் இருந்துச்சு, கலெக்டர் இருந்தாரு, இன்சுலின் இருந்துச்சு. நான் இல்ல. சரி, நம்ம விஷயம் அப்படியேதான் இருக்கு போலன்னு நெனச்சேன். அப்பம் எனக்குப் பத்து வயசுப்பா. இப்பம் தெரியும், டாக்டர் சொல்லித் தெரியும். ஆனா ராத்திரி அந்தப் பானகிட்டப் போனா பழசுதான் ஞாபகம் வருது.”

அந்த நோட்டீஸால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் தெரியுமா என்றேன். தெரியும்பா, அது சரிதான், நான் அதைச் சொல்லவில்லை என்றாள். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் வைத்தாள். “மறுப்புப் போடுங்க.” நான் எத்தனையோ பேரிடம் மறுப்புக் கேட்டிருக்கிறேன், பத்திரிகையிடம், போலீசிடம், முதலாளியிடம். என்னிடம் கேட்டு வாங்கினவன் இதுவரை இல்லை. “எங்க போடணும்?” “ஊருக்கெல்லாம் வேண்டாம். ஒட்டவும் வேண்டாம். இங்கயே, வாயால வாசிச்சாப் போதும். ஆனா சாட்சி வேணும்.” டாக்டரம்மா சிரிக்காமல் வெளியே போய் ஒரு நர்ஸைக் கூட்டிவந்தாள், கிரேஸ் சிஸ்டர். கூடவே பரமசிவமும் நுழைந்தான். “அண்ணாச்சி, ஒம்ம மக ஒம்மளையே நிர்வாகமா ஆக்கிட்டாளே” என்றான். “வாய மூடிட்டுச் சாட்சியா நில்லுடே” என்றேன்.

வாசகத்துக்குச் சண்டை நடந்தது. நான் முதலில், வெண்மணி சாகமாட்டாள் என்றேன். “அது பொய். எல்லாரும் சாவாங்க” என்றாள். டாக்டரம்மாவிடம் திரும்பி, ஊசியை ஒழுங்காகப் போட்டால் எதுவரை என்று கேட்டேன். “படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ள பெத்துக்கலாம், கிழவியாகலாம் சார். ஒழுங்கா போட்டா.” “எழுத்துல குடுப்பியளா?” “குடுப்பேன்.” அப்படியானால் சரி. முன்பு எழுதிய வரி இன்றுமுதல் செல்லாது என்றேன். இன்றுமுதல் இல்லை, மருந்து வந்த நாளிலிருந்தே செல்லாது என்றாள். அதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன். என் தரப்பில் ஒன்று கேட்டேன்: ராத்திரி ஊசி. “அம்மா முன்னால போடுவேன்” என்றாள், “ஆனா வாராவாரம் இங்க வருவேன், நீங்க வெளியதான் இருக்கணும்.” “எதுவரைக்கும்?” “எனக்குப் போதும்ங்கற வரைக்கும்.” நான் தலையை ஆட்டினேன். மாரித்தங்கம் கூடையைத் தரையில் வைத்தாள். வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். உட்கார்ந்து வாசித்து எனக்குப் பழக்கமில்லை, எழுந்து நின்றேன். கனைத்துக்கொண்டேன். “வெண்மணி சாகப்போகிறவள் அல்ல. ஊசி போட்டுக்கொண்டு கிழவியாகும்வரை வாழப்போகிறவள். முன்பு எழுதிய வரி, மருந்து வந்த நாளிலிருந்தே செல்லாது. இப்படிக்கு, உப்பளத் தொழிலாளர் சங்கம்.”

“சங்கம் வேண்டாம்பா,” என்றாள் வெண்மணி. “எழுதுனது நீங்க.”

எந்த நோட்டீஸிலும் நான் என் பேரைப் போட்டதில்லை. போலீசுக்குப் பயந்து ஆரம்பித்த வழக்கம், பிறகு அதுவே ஒரு பெருமையாகிவிட்டது. நர்ஸம்மா காத்துக்கொண்டிருந்தாள். பரமசிவம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கடைசிவரை மறுபடியும் வாசித்தேன், முதலிலிருந்து, ஒரு சொல் விடாமல். என் மகள் ஒவ்வொரு சொல்லுக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற குரலில், அந்தச் சின்ன அறையில், சொன்னேன்:

“இப்படிக்கு, சங்கரலிங்கம் மகன் தவசிக்கனி.”